துரைக்கு ஒரு நீதி, தொழிலாளிக்கு ஒரு நீதியா?



“கூலியைச் சந்தை தீர்மானிக்கட்டும், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும்” என்றொரு குரல் குறைந்தபட்சச் சம்பளம் உயரும்போதெல்லாம் எழும்புகிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று விதித்தபோது எழும்பியது. 2022-இல் 1,500 ஆனபோது எழும்பியது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனபோதும் எழும்பியது. பேசுகிறவர்கள் படித்தவர்கள். ஹாயெக், மில்டன் பிரீட்மன், நோசிக் என்று பெரிய பெயர்களைத் துணைக்கு அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டு நாம் மிரள வேண்டியதில்லை. அவர்கள் கொண்டுவந்த தராசிலேயே அவர்கள் வாதத்தை நிறுத்துப் பார்ப்போம்.

அவர்கள் சித்தாந்தம் சுருக்கமானது. உழைப்பு தொழிலாளியின் சொத்து. நிலம் முதலாளியின் சொத்து. இருவரும் மனமொப்பிப் பேசி முடிப்பதே கூலி. மூன்றாமவனாகிய அரசாங்கம் நடுவில் நுழைந்தால் இருவர் சுதந்திரமும் கெடும். கேட்க இனிமைதான். ஆனால், இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் அப்படிப்பட்ட சந்தை என்றைக்காவது இருந்ததா?

நிலம் எப்படி வந்தது? காட்டை அளந்து, பட்டா எழுதி, பதிவேட்டில் ஏற்றிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது காலனி அரசாங்கம். ரயில் பாதையும் சாலையும் போட்டது அதே அரசாங்கம்.

ஆள் எப்படி வந்தது? 1907-இல் சட்டம் செய்து, குடியேற்ற நிதி ஏற்படுத்தி, தமிழகத்திலிருந்து நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவர வழி செய்தது அரசாங்கம். 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில் அந்த ஏற்பாடு நடந்தது. கூலி ஏறாதபடி ஆள் வரத்தைப் பெருக்கியதும் குறைத்ததும் சந்தையா? சர்க்காரா?

விலை எப்படி நின்றது? ரப்பர் விலை சரிந்தபோது 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம். பிறகு 1934-இல் சர்வதேச ஒப்பந்தம். இத்தனை ராத்தலுக்கு மேல் ஏற்றுமதி கூடாது என்று சட்டம் போட்டு விலையைத் தூக்கி நிறுத்தினார்கள். அதை வேண்டிக் கேட்டவர்கள் லண்டனிலிருந்த தோட்ட முதலாளிகளின் சங்கத்தார்தாம்! அந்தக் கட்டுப்பாட்டில் சிறு தோட்டக்காரர்களுக்கு அநியாயமாகக் குறைந்த பங்கே கிடைத்தது என்று 1948-இல் எழுதியவர் பீட்டர் பாவர். அவர் நம் சங்கத்து ஆள் அல்ல. சந்தைச் சுதந்திரத்துக்கு வாதாடிய பொருளாதார அறிஞர்.

கூலிதான் எப்படி நிர்ணயமானது? இருபதுகளின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே விதித்தது. முப்பதுகளின் மந்தத்தில் அது வெட்டப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று அரசாங்கம் ஒதுங்கி நின்றதா?

ஆக, நிலம் கொடுக்க வரலாம், ஆள் பிடிக்க வரலாம், விலையை நிறுத்த வரலாம், வேலைநிறுத்தத்தை உடைக்க வரலாம். பால் வெட்டுகிறவன் அடுப்பு எரிய மட்டும் அரசாங்கம் வரக்கூடாது! இதற்குப் பெயர் சுதந்திரமா, தோழர்களே?

நோசிக் 1974-இல் எழுதிய நூலில் சொத்துரிமைக்கு நிபந்தனை வைக்கிறார். சொத்து நியாயமாக வந்திருக்க வேண்டும், நியாயமாகக் கைமாறியிருக்க வேண்டும், அநியாயம் நடந்திருந்தால் திருத்தப்பட வேண்டும் என்கிறார். முதல் இரண்டை உரக்கப் படிப்பவர்கள் மூன்றாவதை ஏன் விழுங்குகிறார்கள்?

“கூலி உயர்ந்தால் வேலை போகும்” என்பது அடுத்த மிரட்டல். அளவு மீறினால் வேலை போகக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்காகத்தான் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் மூவரும் அமர்ந்து பேசும் ஆலோசனை மன்றம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992-இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று கார்டும் குரூகரும் 1994-இல் காட்டினார்கள். கார்டு 2021-இல் நோபல் பரிசு பெற்றார். நம் அனுபவமோ இன்னும் தெளிவு. அறுபதுகளிலிருந்து பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்களே, அன்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருந்ததா? சட்டம் இல்லாமலே நம் வேலை போயிற்று!

சொத்துரிமைக்கு நாம் பகைவர்கள் அல்லர். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்து, லயத்திலிருந்து குடும்பங்கள் வீதிக்குத் துரத்தப்பட்டபோது, 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். சொத்தின் அருமை நமக்குத் தெரியும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருப்பவன் “இந்தக் கூலிக்கு வரமாட்டேன்” என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாதவன் போடும் கையெழுத்தை ஒப்பந்தம் என்பது கேலி.

இன்று நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டும் வங்காளதேசச் சகோதரனின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவன் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம். நம் தாத்தா கங்காணியிடம் பட்ட கடனும் இவன் ஏஜெண்டிடம் பட்ட கடனும் ஒரே சங்கிலி. அவன் கூலியைக் குறைத்தால் நாளை நம் கூலியும் குறையும். ஆகவே அவனுக்கும் அதே சம்பளம் கேட்பது நம் கடமை.

செக்ரோல் எழுதுகிற கிராணி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. எடைக்கூலி வாங்குகிறவருக்கும் மாதச் சம்பளம் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது ஆணை. மழை மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்குப் பாருங்கள். குறைந்திருந்தால் சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். கிராணிமார்களே, கணக்குப் புரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

தனித்தனியாகப் பேரம் பேசுவது சுதந்திரம் என்றால், சேர்ந்து பேரம் பேசுவதும் சுதந்திரமே. அதற்குப் பெயர்தான் சங்கம்!