கடைசிப் பொறி எங்கே விழ வேண்டும்?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வேலை, கோயில், உறவினர் வீடு என்று ஓடிக்கொண்டிருந்த கார்கள் அப்படியே நின்றுபோயின. மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்ததும் பலர் ஆசையாகச் சாவியைத் திருப்பினார்கள். 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. எங்கள் கம்போங் மேடான் அடுக்குமாடிப் பகுதியில் அந்த நாள்களில் பானெட்டைத் திறந்து வைத்தபடி நின்ற கார்களை நான் எண்ணி மாளவில்லை.

கொரோனா போய்விட்டது, பிரச்சினை போகவில்லை. பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருகிறோம். வீட்டிலிருந்தே வேலை செய்யும் பிள்ளைகள் காரை வாரத்துக்கு ஒருமுறைகூட எடுப்பதில்லை. நின்றிருக்கும் காரிலும் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. மூன்று வாரத்தில் 25. சிறிய காரின் பேட்டரியில் இருப்பதே 40 சொச்சம்தான். நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும் டேஷ்கேம் இருந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடியும்.

"பக்கத்து வீட்டுக் காரில் ஜம்பர் வயர் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். எஞ்சின் கிளம்பும். ஆனால் பேட்டரி நிறையாது. பழைய கிள்ளான் சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் வெறும் பேட்டரி நிறைந்துவிடாது. அங்கே காரை நிறுத்தினால் மறுபடி 'டக் டக்' கேட்க வாய்ப்பு அதிகம். வெறுமையாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரி நிரந்தரமாகப் படுத்துவிடும். அதனால்தான் இப்போது பல வீடுகளில் ஒரு சார்ஜர் குடியேறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதை மாட்டும் முறை தெரிய வேண்டும்.

கீழ்வீட்டுத் தம்பி ஒருநாள் இரண்டு கிளிப்புகளையும் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, சிவப்பு பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை. எந்தக் கிளிப் எங்கே என்பதோடு, எது முதலில், எது கடைசியில் என்பதும் முக்கியம்.

1859-இல் பிரான்ஸ் நாட்டின் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் கார்களில் உள்ளது. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் சுமார் 2.1 வோல்ட். சார்ஜ் ஏறும்போது, குறிப்பாக நிறையும் கட்டத்தில், அமிலத்தில் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கக் கூடியது. ஒரு சின்னப் பொறி போதும். பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து.

மின்சுற்று முழுமையாகும் அந்தக் கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். ஆகவே அந்தக் கடைசிப் பொறி பேட்டரிக்குப் பக்கத்தில் விழக்கூடாது. எல்லா விதிகளும் இந்த ஒரு வரியிலிருந்து வருகின்றன.

மாட்டும் வரிசை இதுதான். எஞ்சினும் விளக்குகளும் அணைந்திருக்கட்டும். சார்ஜரின் பிளக் சுவரில் இருக்கக்கூடாது. முதலில் சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். அடுத்து கறுப்புக் கிளிப்பை, பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், எஞ்சின் அல்லது சட்டத்தில் உள்ள கனமான போல்ட் ஒன்றில் மாட்டுங்கள். பெட்ரோல் குழாய், விசிறி, மெல்லிய தகடு வேண்டாம். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருப்பதால் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிடும். கார் கையேட்டில் வேறு இடம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட வேண்டும்.

கழற்றும்போது தலைகீழ். முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுங்கள். பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பை வெடுக்கென்று பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து. அப்போதுதான் வாயுவும் அதிகம், பொறியும் நிச்சயம்.

கை வைப்பதற்கு முன் மோதிரம், காப்பு, கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். தங்கம் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஸ்பேனருக்கும் காரின் இரும்புக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால், நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சிகரெட் வேண்டவே வேண்டாம்.

எத்தனை ஆம்பியரில் ஏற்றுவது? பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 4 அல்லது 5. முழுதும் வெறுமையான பேட்டரி நிறைய ஏறக்குறைய ஓர் இரவு ஆகும். பொறுமை இல்லாமல் வேகமாக ஏற்றினால் சூடும் வாயுவும்தான் மிச்சம். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரே வீட்டுக்கு ஏற்றது. கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்து பார்த்தால் 12.6 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ இருக்க வேண்டும். 12-க்கு இறங்கிவிட்டால், திரும்ப ஏற்ற வேண்டும் அல்லது பேட்டரியை மாற்ற வேண்டும். சிக்னலில் நின்றால் எஞ்சினைத் தானே அணைக்கும் வசதியுள்ள கார்களில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி இருக்கும். சார்ஜரில் அந்த வகைக்கான நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே போகக்கூடாது.

இனி எங்களைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள் விஷயம். மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜர் இழுக்கும் மின்சாரம் குறைவுதான். ஆனால் 12 வோல்ட் வேலைக்காக 240 வோல்ட்டை நடைபாதையில் தொங்கவிடுகிறோம். ஜன்னல் விளிம்பில் உரசிய வயர், சாயங்கால மழை, கீழே விளையாடும் குழந்தைகள். இது வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டு போவது மேல்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். திரும்ப மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். சிறிய பேட்டரியே பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும், சாய்க்காமல் தூக்குங்கள். வெளியே எடுத்த பேட்டரியில் இரண்டு கிளிப்பையும் முனைகளிலேயே மாட்ட வேண்டியிருக்கும். அதனால் பிளக் கடைசியில் என்பது இங்கே இன்னும் முக்கியம். வைக்கும் இடம் காற்றோட்டமான பால்கனி. படுக்கையறை, சமையலறை, சாமி மேடை பக்கம் ஆகாது. காமாட்சி விளக்கும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும், கொசுவத்தியும் ஹைட்ரஜனுக்கு நெருப்புதான். குழந்தைகளும் எட்டத்தில் இருக்கட்டும்.

பேட்டரி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சார்ஜ் செய்யாதீர்கள். ஏற்றும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டால், சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு ஆற விடுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் கசக்காமல், இமையை விரித்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். கூட இருப்பவர் 999-க்கு அழைக்கட்டும். கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடினால், போகும் வழியிலேயே கண் பாழாகிவிடும்.

அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன் டேஷ்கேமின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், திரும்பி வந்ததும் சார்ஜரை எடுக்கலாம். சிவப்பு, கறுப்பு, கடைசியில் பிளக். இதை ஒரு தாளில் எழுதி சார்ஜர் மேல் ஒட்டி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்தாலும் உதவும்.

அடுத்த வாரம் டயர்களைப் பற்றிப் பேசுவோம்.