எல்லாத்துக்கும் ஒரே ட்யூபா? - கால் விரல் அரிப்பும் சில கோபங்களும்

கொஞ்ச நாளா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கிக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். கால் விரல் அரிப்புக்கெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்கறவங்க சிரிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன்.

போன மழைக்காலத்துல ஆரம்பிச்சது. பைக்ல ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள ஷூ, சாக்ஸ் எல்லாம் தொப்பல். அந்த ஈரத்தோடயே ஏசியில பத்து மணி நேரம். ரெண்டே வாரத்துல வலது கால் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல அரிப்பு. தோல் வெள்ளையா ஊறி உரிய ஆரம்பிச்சுது, விரல் ரெண்டும் லேசா வீங்கிடுச்சு. மேனேஜர் பேசிக்கிட்டு இருக்கும்போது மேஜைக்கு அடியில ஷூவைக் கழட்டிட்டு இன்னொரு காலால சொறிஞ்சபடியே சீரியஸா தலையாட்டின அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம்.

நேரா மெடிக்கல் ஷாப். "அண்ணே, கால் விரல்ல அரிப்பு." அவர் என் காலை எட்டிக்கூடப் பார்க்கல. ஒரு ட்யூபை எடுத்து வெச்சு, "இதைப் போடுங்க தம்பி, ரெண்டே நாள்ல சரியாயிடும்" அப்படின்னார். சொன்ன மாதிரியே ரெண்டு நாள்ல அரிப்பு போயே போச்சு. அந்த அண்ணனுக்குக் கோயில் கட்டலாமான்னு யோசிச்சேன்.

ட்யூபை நிறுத்தி மூணாவது வாரம் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை ஒரு இடுக்கு இல்ல, மூணு இடுக்கு. பாதத்து மேலயும் ஒரு வட்டம். மறுபடி ட்யூப், மறுபடி நிம்மதி, மறுபடி அரிப்பு. இப்படியே லூப் ஓடி மூணு ட்யூப் காலி.

அப்புறம்தான் ஐயாவுக்கு ஞானம் வந்து அட்டைப்பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். க்ளோபெட்டசால், ஓஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன். நாலு மருந்து ஒரே ட்யூப்ல! இதுல பூஞ்சையைக் கொல்றது டெர்பினஃபைன் மட்டும்தான். ஓஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கு. ஆர்னிடசோல் அமீபா மாதிரி கிருமிகளுக்கும், காற்று இல்லாம வாழற பாக்டீரியாவுக்கும். என் கால் விரல் இடுக்குல அமீபாவுக்கு என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியல.

முக்கியமான ஆள் முதல் ஆள்தான். க்ளோபெட்டசால் தோல்ல பூசற ஸ்டீராய்டுகள்லயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. எனக்கு வந்தது சேற்றுப்புண், அதாவது பூஞ்சைத் தொற்று. தோல்ல இருக்கற கெரட்டின்தான் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு. அரிப்பும் வீக்கமும் அதோட நம்ம உடம்பு போடற சண்டையோட அறிகுறி. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடுது. அரிப்பு அடங்குது, பூஞ்சைக்கு ரூட் கிளியர். எங்க பாஷையில சொன்னா, பக்-ஐ விட்டுட்டு அலாரத்தை மட்டும் ஆஃப் பண்ற வேலை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்ல. ஸ்டீராய்டு பூசினதால அடையாளமே தெரியாம மாறிப்போற படைக்கு 1968லயே ரெண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள் 'டீனியா இன்காக்னிட்டோ'ன்னு பேர் வெச்சுட்டாங்க. மாறுவேஷம் போட்ட படைன்னு வெச்சுக்குங்க. ரொம்ப நாள் பூசினா தோல் மெலிஞ்சு போகும், கோடு கோடா விழும், நிறம் மாறும்.

என் காலோட போயிருந்தா இதை ஒரு மொக்கையா எழுதி முடிச்சிருப்பேன். ஊருக்குப் போனப்ப அந்த ட்யூபை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர். அவருக்கும் விரல் இடுக்குல அரிப்பு வந்திருக்கு, எடுத்துப் போட்டிருக்கார். அரிப்பு நின்னுடுச்சு, வெடிப்பு ஆறல. வலியும் அரிப்பும் இல்லாததால அவர் கண்டுக்கவே இல்ல. ஒரு ராத்திரி குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், காலைல பார்த்தா முழங்காலுக்குக் கீழ செக்கச்செவேல்னு வீக்கம். செல்லுலைட்டிஸ்னு சொன்னாங்க. ஆறு நாள் ஆஸ்பத்திரி, ஊசி மேல ஊசி.

"இடுக்குல இருக்கற வெடிப்பு வழியாத்தான் பாக்டீரியா உள்ள போயிருக்கு. இதுக்கு என்ன போட்டீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, "நீதானேப்பா இதைப் போட்டு நல்லாச்சுன்ன?" அப்படின்னார். அந்த ட்யூபாலதான் எல்லாம் ஆச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அரிப்பு அடங்காம இருந்திருந்தா ஒரு வாரத்துலயே டாக்டர்கிட்ட காட்டியிருப்பார்ங்கறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்லீங்க. ஷூ தோல் பதனிடற குரோமியமோ, ஷூவுல இருக்கற ரப்பரோ ஒத்துக்காம விரல் மேல்பக்கம் அரிச்சு வீங்கினா, அதுக்கு டாக்டர் எழுதற மருந்தே ஸ்டீராய்டு களிம்புதான். ஆன்சைட் போன நண்பன் ஒருத்தனுக்குக் குளிர்ல விரலெல்லாம் செவந்து ஊதா கலர்ல வீங்கி ஒரே அரிப்பு. அது சில்பிளெய்ன். ஈரக் குளிர்ல சின்ன ரத்தக் குழாய்கள்ல வர்ற பிரச்சனை. அதுக்குப் பூஞ்சை மருந்தை டப்பா டப்பாவா பூசினாலும் பிரயோஜனம் இல்ல. காலைக் காய்ஞ்ச சாக்ஸ்ல வெதுவெதுப்பா வெச்சா பொதுவா ரெண்டு மூணு வாரத்துல தானா போயிடும். ஆனா ஹீட்டர் மேல நேரா காலை வைக்கக் கூடாது. கட்டை விரல் மூட்டு மட்டும் திடீர்னு செவந்து, போர்வை பட்டாலே உயிர் போற வலின்னா அது யூரிக் அமிலத்தால வர்ற கவுட்டா இருக்கலாம்.

பார்த்தீங்களா? வீங்கறது அதே விரல்தான், காரணம் நாலு, வைத்தியமும் நாலு. இந்தக் கலவை ட்யூப் விக்கறதே காரணம் கேட்க வேண்டாம்ங்கற வசதியைத்தான். பூஞ்சையா இருந்தா ஒண்ணு, பாக்டீரியாவா இருந்தா ஒண்ணு, அலர்ஜியா இருந்தா ஒண்ணு. யாரும் குனிஞ்சு காலைப் பார்க்க வேண்டியதில்ல. இதுக்குப் பேர் வைத்தியமா, லாட்டரியா?

"சட்டம் இல்லையா சார்?"னு கேப்பீங்க. இருக்கே! பூசற மருந்துதானேன்னு முன்னாடி விலக்கு குடுத்து வெச்சிருந்தாங்க. தோல் டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்கா கத்தினதுக்கு அப்புறம், 2018 மார்ச்ல பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச்-க்குள்ள கொண்டு வந்தாங்க. அதாவது சீட்டு இல்லாம விக்கக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை, அதுல தோல் க்ரீம்களும் உண்டு. நான் சீட்டே இல்லாம மூணு ட்யூப் வாங்கினது அதுக்கெல்லாம் அப்புறம்தான். ஒரு தடவைகூட யாரும் சீட்டு கேக்கல. நானும் குடுக்கணும்னு நினைக்கல. ஸோ, திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

இதோட விலையை ஊரே குடுக்குது. 'ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே'ன்னு ஒரு பூஞ்சை, 2020ல பேர் வெச்சது. பேர்லயே நம்ம நாடு இருக்கு, பெருமைப்படலாம்! தொடை இடுக்கு, இடுப்பு, உடம்புல பரவற படை இது. பல பேருக்கு டெர்பினஃபைனுக்கே மசியறதில்ல. இது இவ்வளவு பரவினதுக்கு இந்த மாதிரி ஸ்டீராய்டு கலவைகளும் முக்கியக் காரணம்னு தோல் டாக்டர்கள் சந்தேகப்படறாங்க. 2023ல நியூயார்க்ல ரெண்டு பேருக்கு இருந்ததா அமெரிக்கா அறிவிச்சுது.

சரி, என்னதான் பண்றது?

டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க. சந்தேகம்னா தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. பூஞ்சை இழை இருந்தா தெரிஞ்சுடும். சிம்பிளான டெஸ்ட். சாதா சேற்றுப்புண்ணுன்னா க்ளோட்ரிமசோல் மாதிரி தனிப் பூஞ்சை மருந்து போதும், அரிப்பு நின்னாலும் சொன்ன நாள் வரைக்கும் போடணும். எனக்கு நாலு வாரம். விரல் இடுக்கைத் துவட்டுங்க, ஈர சாக்ஸை மாத்துங்க, ஷூவைக் காய விடுங்க. எங்க பாட்டி நடவு முடிஞ்சு வந்து மருதாணி அரைச்சு வெச்சுக்கும். அதுவே பூஞ்சையை ஒழிச்சுடும்னு நான் சொல்ல வரல. ஆனா காலைக் கழுவி, துடைச்சு, உக்காந்து உத்துப் பார்த்துச்சு பாருங்க, அந்த அக்கறைகூட எனக்கு இல்லாமப் போச்சு.

வீட்டுல சுகர் இருக்கறவங்க இருந்தா அவங்க காலை நீங்களே தினமும் பாருங்க. செவப்பு, வீக்கம், காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அப்பா இப்போ நல்லா இருக்கார். அவர் விரல் இடுக்கை டார்ச் அடிச்சுப் பார்த்தாதான் எனக்குத் தூக்கம் வருது. "போதும்டா, கூசுது"ங்கறார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு நீங்களா மருந்து வாங்கப் போனீங்கன்னா, இவ்ளோ நேரம் நான் கத்தினது வேஸ்ட்டு.