ஈயம் போனதும் இழுவை போனதா?

உப்புவெளியில் பழைய மொறிஸ் மைனர் வைத்திருக்கும் நண்பர், இழுவை குறைந்ததற்கு இன்றும் அரசையே திட்டுகிறார். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அவர் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. அந்தக்கால எஞ்சினில் வால்வு அமரும் இருக்கையை வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். ஈயப் படிவுதான் அதைத் தேயாமல் காத்தது. இருக்கை தேய்ந்தால் வால்வு சரியாக மூடாது; அழுத்தம் கசியும். மெதுவாக ஓடும் வண்டிக்கு இது அபூர்வம். நம்மவரோ கொழும்புவரை விரட்டுகிறவர்!

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடின உலோக வளையம் பதித்தால் தீர்ந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தை இதற்காகத் தெருவில் விட்டிருக்க முடியாது. ஆனால் வளையத்தைப் பற்றி வண்டிக்காரர்களுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகையில் இருந்த நானும் அப்போது பெற்றோல் விலையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.