ஒரு நாள் பூட்டிக் கிடந்த மாடிக் கதவு

2008ஆம் ஆண்டு மே 16, காலை. உத்தரப் பிரதேசத்தின் நொய்டா நகரில், 14 வயது நிறைவுக்குச் சில நாட்களே இருந்த சிறுமி ஆருஷி தன் படுக்கையில் கொலையுண்டு கிடந்தாள். பெற்றோர் ராஜேஷ், நூபுர் தல்வார் இருவரும் பல் மருத்துவர்கள். வீட்டில் வேலை செய்துவந்த நேபாளத்தைச் சேர்ந்த ஹேம்ராஜைக் காணவில்லை. உடனே, அவர்தான் கொலையாளி என்று காவல்துறை முடிவு கட்டியது. பிடித்துத் தருவோருக்குப் பரிசும் அறிவித்தது.

ஹேம்ராஜ் எங்கும் ஓடவில்லை. அதே வீட்டின் மொட்டை மாடியில் பிணமாகக் கிடந்தார். மாடிக் கதவின் பூட்டை மறுநாள்தான் உடைத்தார்கள். ஒரு பூட்டு, ஒரு நாள் தாமதம்! அதற்குள் உறவினர், அண்டை வீட்டார், செய்தியாளர் எனப் பலரும் அந்த வீட்டுக்குள் நடமாடி முடித்திருந்தனர். தடயங்கள் என்னவாகியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

குழந்தை ஒன்று வீட்டுக்குள் கொல்லப்படும்போது குடும்பத்தாரையும் விசாரிப்பது காவல்துறையின் கடமை. அதில் தவறில்லை. ஆனால் விசாரிப்பது வேறு, தீர்ப்பிடுவது வேறு. மே 23 அன்று தந்தை கைது செய்யப்பட்டார். உயர் அதிகாரி ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில் அச்சிறுமியின் நடத்தையைப் பற்றியே பேசினார். அதற்கு ஆதாரம் எதுவும் காட்டவில்லை. அவளது பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சிகள் அதை இரவும் பகலும் ஒலிபரப்பின. இறந்த பிள்ளை வந்து மறுப்புச் சொல்ல முடியுமா? அந்நாட்களில் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்ற நாமும், "அப்பன்தான் செய்திருப்பான்" என்று பேசியவர்கள்தாமே.

பின்னர் வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. இப்போது வேறு மூவர் மேல் சந்தேகம் விழுந்தது. வீட்டு வேலையிலும் மருத்துவமனை உதவியிலும் பிழைத்த ஏழை இளைஞர்கள் அவர்கள். கைதானார்கள், சிறையில் இருந்தார்கள், குற்றப்பத்திரிகை இன்றி வெளியே வந்தார்கள். தல்வார் தம்பதியருக்காகப் பேசப் பலர் இருந்தனர். இவர்களுக்கு யார் இருந்தார்?

2010 டிசம்பரில், போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கை முடித்துவிட சி.பி.ஐ. அறிக்கை தந்தது. முடிக்க வேண்டாம் என்று எதிர்த்தவர்கள் பெற்றோரே. நீதிமன்றமோ அந்த அறிக்கையைக் கொண்டே அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது! வீட்டில் இருந்தவர்கள் நால்வர், இருவர் இறந்தனர், எனவே மற்ற இருவரே பதில் சொல்ல வேண்டும் என்ற வாதம் வலுவாகத் தோன்றியது. 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வெளியாள் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிறுவப்படவில்லை, சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலி முழுமையாகவில்லை என்றது. விசாரணை நீதிபதி திரைப்பட இயக்குநரைப் போல் கதை அமைத்துவிட்டார் என்றும் அத்தீர்ப்பில் கண்டனம் இருந்தது.

எனக்கு மறக்க முடியாதது ஒரு தலையணை உறை. அந்த உதவியாளர்களில் ஒருவரது அறையில் எடுத்த உறையில் ஹேம்ராஜின் இரத்தம் இருந்ததாக ஐதராபாத் ஆய்வகத்தின் 2008 அறிக்கை கூறியது. அது தட்டச்சுப் பிழை, இரு பொருட்களின் விவரங்கள் மாறிவிட்டன என்று 2011இல் விளக்கம் தரப்பட்டது. இரண்டு கொலைகளின் வழக்கு, தட்டச்சுப் பிழையா இல்லையா என்ற கேள்வியில் வந்து நின்றது.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தை நாடியவர் ஹேம்ராஜின் மனைவி. சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது அதற்குப் பின்பு, 2018இல்.