கணிப்பொறிக்குக் கோலம் போடத் தெரியுமா?



சென்ற மாதம் நம் ஆண்டு மலர்க் குழுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தகராறு. அட்டைப்படம் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. "எதுக்குடா கஷ்டப்படணும்? ஏ.ஐ. கிட்ட கேட்டா குடுத்துட்டுப் போவுது" என்று நண்பன் ஒருவன் செல்போனை எடுத்தான். வடசென்னை, துறைமுகம், மீனவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று தட்டினான். கொஞ்ச நேரத்தில் படம் ரெடி! எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும்தான் தட்டினேன். பிறகு உற்றுப் பார்த்தேன். கிரேனுக்குக் கால் மூன்று. அது ஓடுவதற்குத் தண்டவாளம் இல்லை. படகு எந்த ஊர்ப் படகோ, காசிமேட்டுப் படகு இல்லை. பின்னால் ஒரு பெயர்ப்பலகை, அதில் தமிழ் மாதிரி ஏதோ எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

"இந்தக் கிரேனு நின்னா ஹார்பரே சாஞ்சிடும்டா" என்றேன். சிரித்தார்கள். "சரி, இதைவிட நல்லா நீ வரைஞ்சிடுவியா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

கணிப்பொறியில் முதன்முதலில் படம் வரைந்து காட்டியவர்கள் யார்? பெரிய பெரிய ஓவியர்களாக இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் ஆச்சரியம்! 1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கணிப்பொறிப் படங்களைக் கண்காட்சியாக வைத்தவர் கியோர்க் நேஸ். இவர் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் தன் படங்களை வைத்த மைக்கேல் நோல், பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர். நம்மைப் போல மெஷினோடு மல்லுக்கட்டிய ஆட்கள்தான் நண்பர்களே!

நேஸ் பயன்படுத்தியது பிளாட்டர். பேனா பிடித்த இயந்திரக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் டிராயிங் ஹாலில் இருக்கும் டிராஃப்டருக்கு மோட்டார் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. 1960களின் கடைசியில் அவர் செய்த 'ஷோட்டர்' என்ற படம் இன்றும் பிரசித்தம். வரிசைக்கு 12 சதுரமாக 22 வரிசைகள். மேல் வரிசையில் எல்லாம் ஒழுங்காக நிற்கும். கீழே இறங்க இறங்கச் சாய்ந்து, இடம் மாறி, கொட்டிய ஜல்லி போலச் சிதறிவிடும். அந்தச் சதுரங்களில் ஒன்றைக்கூட அவர் கையால் போடவில்லை. எந்த வரிசையில் எவ்வளவு சாயலாம் என்ற விதியை மட்டும் அவர் எழுதினார். அந்த விதிதான் அவருடைய கலை.

'இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்' என்று சொல்லிவிடாதீர்கள். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர், கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974ஆம் ஆண்டே ஒரு சர்வதேசக் கணிப்பொறி வரைகலை இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஆமாம், நம் வீட்டு வாசலில் போடும் அதே கோலம்தான்! மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் உண்டு, சின்னக் கோலத்திலிருந்து விதிப்படி பெரிய கோலம் வளரும் என்று காட்டினார்கள். நம்மில் பலருடைய அப்பா அம்மாவே அப்போது பிறந்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கும் கை அரித்தது. எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். கண்டெய்னர் லாரிப் புழுதி கிளம்புவதற்குள் அம்மா வாசலில் கோலம் போட்டுவிடுவார். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே முடியும் கம்பிக் கோலம். அதைக் கணிப்பொறியில் போட்டுப் பார்க்கலாம் என்று லேப்பில் உட்கார்ந்தேன். பைத்தான் மொழியில் டர்ட்டில் என்று ஒன்று இருக்கிறது. ஆமை என்று அர்த்தம். 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று சொன்னால் கோடு போட்டுக்கொண்டே போகும். புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போ, ஓரத்தை முட்டினால் வளைந்து திரும்பு. விதி இவ்வளவுதான். எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் ஆமை திரையை விட்டே ஓடிப்போனது வேறு கதை!

கடைசியில் நாலுக்கு நாலு புள்ளியில் கோலம் வந்தது. ஆனால் ஒரே கம்பியாக வரவில்லை. நாலு தனித்தனி வளையங்கள். புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். செல்போனில் படம் எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். "சதுரமா வெச்சா தனித்தனியாத்தான்டா வரும். ஒரு வரிசை கூட வெச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

மறுநாள் நாலுக்கு ஐந்து வைத்தேன். ஒரே கம்பி! நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு கம்பி. ஆறுக்கு ஒன்பது வைத்தால் மூன்று. நண்பர்களே, உங்களுக்குப் பொறி தட்டுகிறதா? இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை கம்பி! பள்ளிக்கூடத்தில் 'இதெல்லாம் எதுக்குடா படிக்கிறோம்' என்று சலித்துக்கொண்டு போட்ட கணக்கு எங்கள் வாசலில் கிடக்கிறது. என் புரோகிராமில் தப்பு இல்லை. எனக்குத்தான் கோலம் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். கணிப்பொறிக்குக் கோலம் போடத் தெரியுமா என்றால், தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்த அளவுக்குத்தான் அதைச் சரிபார்க்க முடியும். அம்மாவுக்குக் கோலம் தெரியும், அதனால் குறையை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். கிரேனுக்கு எத்தனை கால் என்று தெரிந்தவன்தான் மூன்று கால் கிரேனைப் பார்த்துச் சிரிக்க முடியும். தெரியாதவன் கைதட்டுவான்.

'நீ பழைய பஞ்சாங்கம், ஏ.ஐ.க்கு எதிரி' என்று சொல்லாதீர்கள். இல்லவே இல்லை. மெஷினைக் கண்டு ஒதுங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான். என் சித்தப்பா தண்டையார்பேட்டையில் போர்டு எழுதுபவர். லாரிக்கு நம்பர், படகுக்குப் பெயர், கடைக்குப் பலகை என்று ஓயாமல் வேலை இருந்ததாம். பிளக்ஸ் வந்தது, பிரஷ் மூலைக்குப் போயிற்று. "மிஷின் வாங்க காசு இல்ல, கத்துக்குடுக்க ஆளும் இல்லடா" என்பார். எழுத்தின் அழகு தெரிந்த அவர் கைக்கு மெஷின் வரவில்லை. மெஷின் கிடைத்தவர் எல்லோருக்கும் எழுத்து தெரியவில்லை. இன்று நம் தெருக்களில் தொங்கும் பேனர்களைப் பாருங்கள், புரியும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓவியர் டிராட்ஸ்கி மருது இருக்கிறார். மதுரையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, கோட்டோவியத்தில் பெயர் வாங்கியவர். தமிழ் ஓவியர்களில் கணிப்பொறியை முன்கூட்டியே கையில் எடுத்தவர்களில் ஒருவர். அனிமேஷன், சினிமா கிராபிக்ஸ் என்று போனவர். கணிப்பொறி வந்ததும் அவர் கோட்டை விட்டுவிடவில்லை. கை பழகிய கோட்டோடுதான் அதனிடம் போனார்.

நாளைக்கு நாம் ஒர்க்‌ஷாப்பிலோ, மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளிலோ வேலைக்குப் போவோம். அங்கேயும் டிராயிங்கை இப்படித் தட்டி வாங்கும் காலம் வரலாம். அப்போது 'ஐயா, இதில் ஒரு கால் குறைகிறது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? சொல்லாவிட்டால் சாய்வது படத்துக் கிரேன் இல்லை, நிஜக் கிரேன். கீழே நிற்பது நம்ம ஆளு.

ஆகவே எனக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: வாரம் ஒரு நாளாவது சாயங்காலம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்க வேண்டும். மார்க்குக்காக இல்லாமல் சும்மா போட்டுப் பார்ப்பதற்காக. சங்கம் இதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

இரண்டு: அடுத்த ஆண்டு மலரின் அட்டையை நாமே வரைவோம். ஆட்டோகேடில் வரையுங்கள், ஆமையை விட்டு வரையுங்கள், கையால் வரையுங்கள். ஏ.ஐ.யிடம் வாங்கினாலும் சரி, கிரேன் காலை எண்ணிப் பார்த்துத் திருத்திய பிறகு கொடுங்கள்.

மூன்று: சங்க அறை பீரோவில் பழைய மலர்களின் பிளாப்பிகளும் சி.டி.க்களும் தூசி படிந்து கிடக்கின்றன. 1985இல் அமிகா கணிப்பொறியின் அறிமுக விழாவில் பிரபல ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையிலேயே படம் வரைந்து காட்டினார். அந்தக் காலத்தில் அவர் அமிகாவில் வரைந்த படங்கள் பல ஆண்டுகள் பிளாப்பிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தன. 2014இல் அவற்றை மீட்டு எடுத்தவர்கள் யார் தெரியுமா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாணவர் கணிப்பொறி மன்றத்தினர்! எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, நம் பீரோ உங்களுக்காகக் காத்திருக்கிறது.

"இதைவிட நல்லா நீ வரைஞ்சிடுவியா?" என்று கேட்ட நண்பனுக்கு: இன்னும் இல்லைடா மச்சான். ஆனா நாலுக்கு ஐந்து புள்ளி வெச்சா ஒரே கம்பியா வரும்னு எனக்குத் தெரியும். ஏன் வருதுன்னும் தெரியும். மீதியை அடுத்த மலரில் பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு