கிளியை விட்டுவிடுங்கள்

இலண்டனில் இருந்து தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிளியை விட்டுவிடுங்கள்.

இந்தக் கவிதையை நீங்களும் வாசித்திருப்பீர்கள். பெப்ரவரி மாதம், இலையில்லாத மரம், சாம்பல் வானம். திடீரென்று கீச்சிட்டுக்கொண்டு ஒரு பச்சைக் கூட்டம். கவிஞர் அண்ணாந்து பார்க்கிறார். ஊரில் மொட்டைப்பனைப் பொந்தில் பார்த்த அதே சிவந்த அலகு, அதே கழுத்துக் கோடு. ‘நீயும் என்னைப்போல் அகதியா?’ என்று கேட்கிறார். கிளி பதில் சொல்லாமல் பறந்துபோகிறது. கவிதை முடிகிறது. பூங்காவின் பெயரை மட்டும் மாற்றி இதையே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த இதழின் பக்கங்களும் விலக்கல்ல. முதல்முறை வாசித்தபோது எனக்கும் பிடித்திருந்தது. இப்போது தலைப்பில் ‘பச்சை’ என்று கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.

சலிப்பு மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். உவமை பிழை.

அகதி வருகிறவன். கிளி வரவில்லை, கொண்டுவரப்பட்டது. யாரோ பொந்தில் கைவிட்டுப் பிடித்து, கூட்டில் அடைத்து, விலை போட்டு ஏற்றிய சரக்கு அது. இங்கே கிளி பறந்ததற்கான பதிவு 1855இலேயே, நோர்ஃபோக்கில் இருந்து உண்டு. 1951இல் வெளியான ‘தி ஆபிரிக்கன் குயீன்’ படப்பிடிப்பில் இருந்து தப்பியவை, ஜிமி ஹென்ட்றிக்ஸ் கார்னபி தெருவில் திறந்துவிட்ட சோடி என்ற கதைகளை இலண்டன்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2019இல் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளிகள் காணப்பட்ட இடங்களை வரைபடத்தில் இட்டு ஆராய்ந்து, இரண்டு கதைக்கும் ஆதாரமில்லை என்றார்கள். வளர்த்தவர்களிடமிருந்து அங்கொன்று இங்கொன்றாகத் தப்பியவையும் வேண்டாமென்று விடப்பட்டவையும்தான் பெருகியிருக்கின்றன. 1929-30இலும் 1950களின் தொடக்கத்திலும் கிளிக்காய்ச்சல் பற்றிப் பத்திரிகைகள் பயமுறுத்தியபோது பலர் கூட்டைத் திறந்துவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

இன்னொன்று, கவிஞர்களுக்குக் கசக்கும். 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஐரோப்பாவில் பெருகிய இந்தக் கிளிகள் பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் பூர்வீகமாகக் கொண்டவை என்று சொல்கிறது. நம் பக்கத்துக் கிளி அதே இனத்தின் தெற்கு வகை. றிச்மண்ட் பூங்காவில் நீங்கள் கண்ணீர் மல்கப் பார்த்தது பெரும்பாலும் யாழ்ப்பாணக் கிளியே அல்ல. லாகூர்க்காரர் ஒருவர் வேண்டுமானால் அழலாம்.

உவமை பிழை என்றால் போகட்டும், கவிதைதானே என்பீர்கள். போகாது. கிளியும் குடியேறியும் ஒன்று என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த உவமை இரண்டு பக்கமும் வெட்டும். பறவையைப் பற்றிய சொற்களை எடுத்து மனிதரைத் திட்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்: ‘ஊடுருவல்’, ‘பெருக்கம்’, ‘பூர்வீகத்தவரின் இடத்தைப் பிடிக்கிறது’. அவர்களுக்குப் பாதி வேலையை நாங்கள் செய்து கொடுக்கிறோம். மற்றப் பக்கம், கிளியால் வேறு உயிர்களுக்குத் தீங்கு உண்டா என்று ஒருவர் கேட்டாலே, எங்களில் சிலருக்கு அது இனவாதமாகக் கேட்கிறது. ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதைக் கண்ணால் கண்டேன். மரங்கொத்திப் பொந்துகளைப் பற்றிப் பேசவந்த பெண்ணை ஐந்து நிமிடம் பேசவிடவில்லை.

அந்தக் கேள்விக்கு நேரான விடை இதுதான். கென்சிங்ரன் பூங்காவில் 1925இல் மக்ஸ் நிக்கல்சன் ஊர்க்குருவிகளை எண்ணினார்: 2603. 1975இல் 544. 2000ஆம் ஆண்டில் 8. கிளிகள் இலண்டனில் கூட்டமாகத் தெரியத் தொடங்குமுன்பே குருவி முக்கால்வாசிக்குமேல் குறைந்துவிட்டது. குருவியைக் கிளி விரட்டியது என்று சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்கட்டும். ஆனால் கிளி குற்றமற்றது என்றும் சொல்லமுடியாது. இலண்டன் தோட்டங்களில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிளி பக்கத்தில் இருந்தால் சின்னப் பறவைகள் தீனித்தட்டுக்கு வருவது குறைந்தது. ஸ்பெயினில் செவில் நகரப் பூங்கா ஒன்றில் அரிய பெரிய வௌவால்களை இதே இனக் கிளிகள் பொந்திலிருந்து விரட்டிக் கொன்றன. இங்கிலாந்தில் 2010 முதல், பயிருக்குப் பெருஞ்சேதம் போன்ற காரணங்களுக்காகத் தனி அனுமதியில்லாமலே கிளியைக் கொல்ல ஒரு பொது உரிமம் வந்தது. எனக்கு அந்த உரிமம் பிடிக்கவில்லை. அதை எதிர்க்கப் பறவையைப் பற்றிய காரணங்களே போதும், என் அகதி விண்ணப்பத்தைத் துணைக்கு இழுக்கத் தேவையில்லை.

இனி வரவேற்பறைக்கு வருகிறேன். ரூட்டிங்கிலும் குறொய்டனிலும் ஹறோவிலும் நான் போகிற வீடுகளில், தொலைக்காட்சிக்கும் சாமிப்படத்துக்கும் நடுவே ஒரு கூடு. உள்ளே ஒற்றைக் கிளி. யன்னலுக்கு வெளியே அதன் இனம் கத்திக்கொண்டு போகும்போது இது கம்பியைக் கடிக்கும். அந்த வீட்டுச் சுவரில் சுதந்திரம் பற்றிய கவிதை சட்டம் போட்டுத் தொங்கியதையும் பார்த்திருக்கிறேன். கேட்டால், “அண்ணை, அது எங்கட வீட்டுப்பிள்ளை” என்பார்கள். பிள்ளையை இருபத்தைந்து வருடம் கூட்டில் வைத்துச் சூரியகாந்தி விதை மட்டும் கொடுத்து வளர்ப்பீர்களா, தம்பி?

இருபத்தைந்து வருடம் என்பது மிகையல்ல. நன்றாகப் பார்த்தால் இந்தக் கிளி அதற்கு மேலும் இருக்கும். சூரியகாந்தி விதை கொழுப்பு. அதையே தின்றால் ஈரல் கெடும். அவகாடோ நஞ்சு. தனிமை தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கும் கிளியை ‘சேட்டை’ என்று சிரிக்கிறோம். எங்கள் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கப் போனால், அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பூச்சிலிருந்து வரும் புகை, எங்களுக்கு மணமே தெரியாமல், கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் அப்படி. சாம்பிராணியும் தாளிதப் புகையும் அதற்கு நல்லதல்ல. சட்டமும் இருக்கிறது: 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி, வளர்ப்புப் பறவை சிறகை முழுதாக விரிக்க இடமில்லாத கூட்டில் அதை வைத்திருப்பது குற்றம். நான் பார்த்த கூடுகளில் பாதி அந்தச் சட்டத்துக்குள் அடங்காது.

“ஊரில் எல்லாரும் வளர்க்கிறார்கள்தானே” என்பது அடுத்த பதில். எந்த ஊரில்? இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தக் கிளியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரம், கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டெடுத்தது சோதிடக் கிளி. வனத்துறை வந்து சோதிடரைப் பிடித்தது, கிளிகளைப் பறிமுதல் செய்தது. வேட்பாளர் தோற்றது வேறு கதை. நாடாளுமன்றம் போக ஆசைப்பட்டவரை விட்டுவிட்டு ஏழைச் சோதிடரைப் பிடித்தார்கள் என்று அப்போது எழுந்த குரல்களில் நியாயம் உண்டு. ஆனாலும் இலண்டனில் வசதியாக இருந்துகொண்டு ‘பாரம்பரியம்’ என்று கிளியை அடைப்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

நாளைக்கே கூட்டைத் திறந்துவிடச் சொல்லவில்லை. இந்தக் கிளியை வெளியில் விடுவது மேற்படி சட்டப்படி குற்றம்; கூட்டில் பிறந்த பறவை வெளியே பிழைப்பதும் கடினம். இருக்கிற கிளிக்கு அறையளவு இடம் கொடுங்கள், தினமும் கூட்டுக்கு வெளியே சில மணிநேரம் விடுங்கள், கீரையும் மரக்கறியும் கொடுங்கள், பறவை தெரிந்த மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அது வாழ்ந்து முடிந்தபின் புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.

பார்க்க ஆசையா, வெளியே போங்கள். குளிர்கால மாலையில், இருட்டுவதற்கு அரைமணி முன்பு, ஹிதர் கிறீன் மயானம் போன்ற இடங்களில் கிளிகள் அடைவதைப் பார்த்தவருக்கு வீட்டுக்கூடு அலுத்துப்போகும். கென்சிங்ரன் பூங்காவில் அப்பிள் துண்டைக் கையில் நீட்டிப் படம் எடுக்கிற கூட்டத்தில் மட்டும் சேராதீர்கள். பறவைகளுக்குத் தீனி போடவேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. கிளிகள் சும்மா அழகு காட்டிக்கொண்டு இருப்பதும் இல்லை. பெரிய வல்லூறுகள் இலண்டன் கட்டடங்களில் கூடு வைத்துக் கிளிகளையும் தின்கின்றன. கொரோனா ஊரடங்கில் புறா குறைந்தபோது அவை கிளியை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தன என்று ஓர் ஆய்வு காட்டியது. இதை ஏன் ஒருவரும் கவிதையில் எழுதுவதில்லை?

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. முப்பது வருடம் இந்த நகரத்தில் இருந்து நாங்கள் கண்ட பறவை ஒன்றே ஒன்று, அதுவும் எங்களுடையது என்று நினைத்ததால். விடியமுன் பாடுகிற றொபினுக்கும் வேலிக்குள் ஓடுகிற றென்னுக்கும் எங்கள் எழுத்தில் ஒரு வரி கிடையாது. உழவாரனுக்கும் இல்லை. அதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது! மே மாதத் தொடக்கத்தில் சகாராவைக் கடந்து ஆபிரிக்காவிலிருந்து வந்து, மூன்று மாதம் தங்கி, குஞ்சு பொரித்துவிட்டு ஓகஸ்ட்டில் திரும்பிப் போகிறது. உண்மையில் பயணிக்கிற பறவை அது. 2021இல் பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அது குறைவதற்கு ஒரு காரணம் எங்கள் கூரைகள். உழவாரன் பழைய வீடுகளின் இறவாணத்து இடுக்கில் கூடு வைக்கும். வருடாவருடம் அதே ஓட்டைக்கே திரும்பி வரும். நாங்கள் வீடு வாங்கிய மறுவருடம் மேல்மாடி அறை எடுக்கிறோம், இடுக்கை எல்லாம் அடைக்கிறோம். ஏப்ரலில் சாரம் கட்டினால் மே மாதம் வருகிற பறவை மூடிய சுவரில் மோதித் திரும்புகிறது. சுவரிலேயே பதிக்கிற, உள்ளே வெறுமையான உழவாரன் கல் கடைகளில் கிடைக்கிறது. இந்த வருடம் மேல்மாடி எடுக்கிறவர்கள் வேலை தொடங்குமுன் கட்டுகிறவரிடம் சொன்னால் போதும், வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், கூரைக்குக் கீழே இரண்டோ மூன்றோ வைத்துத் தருவார்.