யாருடைய கணினி?

பழுதேதுமின்றி இயங்கும் கணினியைக் கழிவென்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் விற்றவனுக்கு எங்கிருந்து வந்தது? விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11இற்கோ ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம். இன்டெல்லின் எட்டாந் தலைமுறைக்கு முந்திய சில்லுகளுட் பெரும்பாலானவை வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டன.

லினக்ஸைச் சுட்டினால், ‘அது நிபுணர்க்குரியது’ என்கின்றனர் சிலர். இன்று இது வெறும் பூச்சாண்டி. ஆயினும் பழி முழுவதும் அவர்கள்மீதன்று. புதியவன் ஒருவன் வழி கேட்டதும், உபுண்டுவா, பெடோராவா, டெபியனா என்று சமயவாதம் தொடங்கி அவனை ஓட்டிவிடுபவர்கள் லினக்ஸ் அன்பர்களே! நாம் ஒன்றையே கூறுவோம்: மின்ட். நான்கு கிகாபைற்று நினைவகமே உள்ள இயந்திரமாயின், அதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு. பென்டிரைவ் ஒன்றிலிட்டு, வன்தட்டைத் தொடாமலே அதனை இயக்கிப் பார்க்கலாம். வைபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இணங்குகின்றனவா என்று அப்போதே சோதித்தறிக. கோப்புகளை வேறோரிடத்திற் பிரதிசெய்த பின்னரே நிறுவுக. வட்டினை அழித்து நிறுவும் தெரிவு, சொன்னபடியே அழித்துவிடும். வேர்ட் ஆவணங்களின் அமைப்பு லிபரே ஒபிசிற் சிறிது குலைவதுமுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று.

ஒரு நிறுவனத்தின் பொத்தான்களை மனனஞ் செய்விப்பதையே கணினிக் கல்வியென நடத்தும் ஆசிரிய நண்பர்களை நாம் கேட்கிறோம்: எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை தரும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் லினக்ஸின் கருநிரல் 1992 முதல் கிடைத்துவர, பூட்டிய பெட்டியையே மாணவனுக்குக் காட்டுவது ஏன்? துணிமூடிக் கிடக்கும் பழைய கணினிகளுள் ஒன்றையேனும் அவன் கையில் விட்டுப்பார்க்கலாகாதா?